தேடக் கற்றலும் எழுதக் கற்றலும்

பல்கலைக்கழக நூலகம் என்றவுடன் பெரும்பாலோருடைய மனக்கண்முன் தோன்றுவன வரிசை வரிசையாக நிற்கும் நூலடுக்குகளும், அவற்றினிடையே நிலவும் அமைதியும், நூல்களை இரவல் கொடுத்து மீளப்பெறும் ஒரு மேசையுமேயாம். அம்மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் நூல்களின் காவலர் என்பதே பொதுவான எண்ணம். அவர் ஓர் ஆசிரியருமாவார் என்பதையும், அவர் கற்பிப்பதற்கெனத் தனியானதொரு பாடம் உண்டு என்பதையும் பலர் அறியார். அப்பாடம் இரசாயனம் அன்று, வரலாறு அன்று, இலக்கணமும் அன்று. எத்துறையைச் சார்ந்த மாணாக்கருக்கும் பொதுவானது அது. ஒரு வினாவுக்குரிய விடையை எங்கே தேடுவது, தேடிக் கிடைத்ததை எவ்வாறு சோதிப்பது, சோதித்து அறிந்ததை எவ்வாறு நேர்மையாக எழுதுவது என்னும் மூன்றுமே அப்பாடத்தின் உள்ளடக்கம். இதனைக் கற்பிப்பதற்காகப் பல்கலைக்கழக நூலகங்கள் நடத்தும் செயலமர்வுகள் இன்று உலகின் பல நாடுகளில் உயர்கல்வியின் ஓர் உறுப்பாகவே அமைந்துவிட்டன.

இத்தகைய பயிற்சிக்கு என்ன தேவை இருக்கின்றது? பதின்மூன்று ஆண்டுகள் பாடசாலையிற் கற்று, உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறும் பெற்ற ஒருவனுக்கு வாசிக்கவும் எழுதவும் தெரியாதா? இவ்வினாவைக் கேட்போர் பலர். பல்கலைக்கழகத்தினுட் புதிதாகப் புகும் மாணாக்கன் ஒருவனுடைய நிலையைச் சிறிது எண்ணிப் பார்த்தால் விடை தானே விளங்கும். அவன் அதுவரை கற்ற முறையில் ஒரு பாடத்துக்கு ஒரு நூல். ஒரு வினாவுக்கு ஒரு விடை. ஆசிரியர் தந்த குறிப்பை மனத்திற் பதித்து, பரீட்சை மண்டபத்தில் அதை வழுவின்றி எழுதுபவனே கெட்டிக்காரன். பல்கலைக்கழகத்திலோ நிலைமை வேறு. விரிவுரையாளர் ஒரு பொருளைக் கூறி, பத்து நூல்களின் பெயர்களையும் சொல்லிச் செல்கின்றார். அப்பத்து நூல்களும் ஒரே கருத்தைச் சொல்வனவல்ல. ஒன்று நாட்டியதை மற்றொன்று மறுக்கும். மூன்றாவது நூல் இரண்டையும் திருத்தும். இவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது, கொண்டதற்கும் தள்ளியதற்கும் காரணம் என்ன என்பதை மாணாக்கனே ஆராய்ந்து எழுதல் வேண்டும்.

இவ்விரு நிலைகளுக்கும் இடையே ஒரு பாலம் வேண்டும். பாலம் இல்லாதவிடத்து மாணாக்கன் தான் அறிந்த ஒரே வழியை நாடுகின்றான். நூலில் உள்ளதை அப்படியே பெயர்த்து எழுதுகின்றான். அதனைத் திருட்டு என்று எண்ணி அவன் செய்வதில்லை. எது அவனுக்கு முன்னர்ப் பாராட்டைப் பெற்றுத் தந்ததோ அதனையே மீண்டும் செய்கின்றான். நேற்றுவரை திறமை எனப் போற்றப்பட்டது இன்று குற்றம் எனக் கடியப்படுவதன் காரணத்தை அவனுக்கு எடுத்துரைப்போர் யார்? இவ்விடத்திலேதான் நூலகத்தின் கற்பித்தற்பணி தொடங்குகின்றது.

இப்பணி அண்மையில் தோன்றியது என்று எண்ணுதல் பொருந்தாது. அமெரிக்க அறிஞராகிய எமர்சன், கல்லூரிகள் நூலகங்களை அமைத்தும் நூல்களுக்கென ஒரு பேராசிரியரை அமைக்கவில்லையே என்று 19ஆம் நூற்றாண்டிலேயே குறைபட்டுக்கொண்டார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஓட்டிஸ் ஹோல் றொபின்சன் என்பவர் நூலகராக இருந்தார். அவர் ஒரு கணிதப் பேராசிரியர். சனிக்கிழமை காலைகளில் மாணாக்கரை நூலடுக்குகளுக்கு இடையே வரவழைத்து, ஒரு பொருளைப் பற்றிய நூல்களைத் தேடிப் பயன்படுத்தும் முறையை அவரும் உடன்பேராசிரியர்களும் அங்கேயே நின்று காட்டிக்கொடுத்தார்கள். 1876ஆம் ஆண்டில் அமெரிக்க நூலகச் சங்கம் தோன்றியதும், அதே ஆண்டில் மெல்வில் தூயி என்பவர் தமது தசாம்சப் பகுப்பு முறையை வெளியிட்டதும் இத்துறையின் வளர்ச்சிக்குத் துணையாயின.

நமது அயலிலும் இதற்கு ஒப்பான ஒருவர் இருந்தார். 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக நியமனம் பெற்ற சீர்காழி இராமாமிருத இரங்கநாதனும் முன்னர்க் கணிதம் கற்பித்தவரே. இலண்டன் சென்று நூலகக் கலையைப் பயின்று மீண்ட அவர், 1931ஆம் ஆண்டில் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்படுவதற்கே உரியன என்பதும், வாசகருடைய நேரத்தை வீணாக்கலாகாது என்பதும் அவ்விதிகளுள் அடங்கும். நூலை அடுக்கில் வைத்துப் பூட்டுவதோடு நூலகரின் கடமை முடிவதில்லை. வாசகரையும் அவருக்கு வேண்டிய நூலையும் ஒன்றுசேர்த்தலே அக்கடமையின் உயிர் என்பது அவர் கொள்கை. கணிதம் பயின்ற இருவர், இருவேறு கண்டங்களில், ஒருவரையொருவர் அறியாமலே இம்முடிவுக்கு வந்தமை சிந்திக்கத்தக்கது. விடையைவிட விடைகாணும் வழியை மதிப்பது கணிதரின் இயல்பு அன்றோ?

1974ஆம் ஆண்டில் போல் சுர்க்கோவ்ஸ்கி என்னும் அமெரிக்கர் இத்திறனுக்கு ஒரு பெயரைச் சூட்டினார். அப்பெயர் தமிழில் தகவல் எழுத்தறிவு என வழங்குகின்றது. எழுத்தறிவு என்பது எழுத்துக்களைக் கூட்டி வாசிக்கும் திறன். தகவல் எழுத்தறிவு என்பதோ, தனக்கு ஒரு செய்தி தேவைப்படுகின்றது என்பதை உணர்ந்து, அதனைத் தேடி, அதன் தரத்தை நிறுத்துப் பார்த்து, தக்கவாறு பயன்படுத்தும் திறன்.

இனி, இச்செயலமர்வுகளிற் கற்பிக்கப்படுவன யாவை என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் காண்போம்.

வரலாற்று மாணவி ஒருத்தி, யாழ்ப்பாணத்துப் புகையிலை என்னும் பொருள் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுத முற்படுகின்றாள் எனக் கொள்வோம். இது ஒரு தலைப்பு, வினா அன்று. தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு நூலகத்தினுட் புகுபவர், எல்லையற்ற கடலில் துடுப்பின்றி இறங்கியவரைப் போலாவர். ஆகவே செயலமர்வின் முதற்பாடம் தலைப்பை வினாவாக்குதல். எக்காலம், எவ்விடம், யார், ஏன் என்னும் நான்கையும் கேட்கும்போது தலைப்பு சுருங்கிக் கூர்மை பெறும். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூரில் இருந்த சந்தை எவ்வாறு மாறியது, அம்மாற்றம் தோட்டக்காரரை எவ்வாறு பாதித்தது என்று அவள் கேட்கத் தொடங்கியவுடன், எந்நூல் வேண்டும், எந்நூல் வேண்டியதில்லை என்பது தானே தெளிவாகின்றது.

இரண்டாவது பாடம் தேடுதல். தூயி பகுப்பில் இலங்கையின் வரலாறு 954.93 என்னும் எண்ணின்கீழ் வரும். புகையிலைப் பயிர்ச்செய்கை 633.71இல் இருக்கும். பிறநாட்டு வாணிகம் 382இல் இருக்கும். திருவிதாங்கூர் இன்றைய கேரளத்தின் பகுதியாதலின் அதன் வரலாறு 954.83இல் இருக்கும். ஒரே வினாவுக்குரிய நூல்கள் நான்கு வேறு அடுக்குகளிற் சிதறிக் கிடக்கின்றன. ஓர் அடுக்கின் முன் நின்று பார்த்துவிட்டு, இப்பொருள் பற்றி நூலகத்தில் ஒன்றுமே இல்லை என்று திரும்பிவிடும் மாணாக்கர் பலர். நூற்பட்டியலைப் பொருள்வாரியாக நோக்கக் கற்றவர் அவ்வாறு ஏமாறார்.

சொற்களைத் தேர்ந்தெடுப்பதிலும் நுட்பம் உண்டு. இந்நாடு 1972ஆம் ஆண்டு மே மாதம் 22ஆந் திகதி குடியரசாகியபோதே ஆங்கிலத்திற் சிலோன் என்றிருந்த அதன் பெயர் ஸ்ரீ லங்கா என மாறியது. எனவே ஆங்கில நூல்களைத் தேடுபவர் புதிய பெயரை மட்டும் கணினியில் இட்டால், அதற்கு முந்திய நூல்களுள் மிகப் பல அவர் கண்ணிற் படமாட்டா. ஊர்ப் பெயர்களும் ஆட்பெயர்களும் ஆங்கிலத்திற் பலவாறாக எழுதப்பட்டிருக்கும். பழையனவும் புதியனவுமாகிய எல்லா வடிவங்களையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு தேடும்படி நூலகர் பயிற்றுவிப்பார். அவ்வாறே, இரு சொற்களும் சேர்ந்துள்ள நூல், இரண்டில் ஏதேனும் ஒன்றுள்ள நூல், ஒன்று இருந்து மற்றது இல்லாத நூல் என மூவகையாகத் தேடலாம். இன்றைய கணினித் தேடல்களுக்கு அடிப்படையான இத்தருக்க முறையை வகுத்தவர் ஜோர்ஜ் பூல் என்னும் ஆங்கிலேயர். அவருடைய நூல் 1854ஆம் ஆண்டில் வெளிவந்தது.

ஒரு நல்ல கட்டுரை கிடைத்துவிட்டால் அதுவே பல கட்டுரைகளுக்கு வாயில் ஆகும். அதன் அடிக்குறிப்புகள் பின்னோக்கி வழிகாட்டும். அக்கட்டுரையை எழுதியவர் எவற்றை வாசித்தார் என்பதை அவை சொல்லும். அக்கட்டுரையைப் பின்னர் எடுத்தாண்டவர் யாவர் என்று அறிந்தால் முன்னோக்கியும் செல்லலாம். இவ்வாறு முன்னோக்கிச் செல்வதற்கு ஒரு சுட்டி வேண்டும் என்னும் யோசனையை 1955ஆம் ஆண்டில் இயூஜின் கார்பீல்ட் என்பவர் வெளியிட்டார். 1964ஆம் ஆண்டில் விஞ்ஞானத் துறைக்கான அத்தகைய சுட்டி வெளிவந்தது. இன்று மாணாக்கர் கணினித் திரையில் ஒரு கட்டுரையை எத்தனைபேர் மேற்கோள் காட்டியுள்ளனர் எனக் காண்பது அம்முயற்சியின் வழிவந்ததேயாகும்.

மூன்றாவது பாடம் சோதித்தல். மேற்கூறிய மாணவிக்கு மூவகைச் சான்றுகள் கிடைக்கலாம். கொழும்பிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் அக்காலத்து அரசாங்க அதிபர்களின் நிருவாகக் குறிப்புகள் இருக்கும். 1841ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசன் தொடங்கிய உதயதாரகை போன்ற பத்திரிகைகளின் பழைய இதழ்களும் உண்டு. பிற்கால ஆசிரியர்கள் எழுதிய நூல்களும் இருக்கும். முதலிரண்டும் அக்காலத்திலேயே எழுதப்பட்டவை. மூன்றாவது அவற்றிலிருந்து பெறப்பட்டது. ஆயினும் அக்காலத்தது என்ற காரணத்தால் மட்டும் ஒரு சான்று உண்மையாகிவிடாது. அரசாங்க அதிபர் வரி சேர்ப்பவருடைய கண்கொண்டு நோக்கினார்; பத்திரிகாசிரியர் தமது கொள்கையின் வழிநின்று நோக்கினார். தோட்டக்காரன் தானே எழுதிய குறிப்புகளோ அரிது. எழுதியவர் யார், எப்பொழுது எழுதினார், எதற்காக எழுதினார், அவருக்கு அது எவ்வாறு தெரியும் என்னும் நான்கு வினாக்களையும் ஒவ்வொரு சான்றிடத்தும் கேட்கப் பழகுதலே ஆராய்ச்சியின் உயிர்நிலை.

அச்சேறியது யாவும் உண்மை என்னும் நம்பிக்கை எத்துணைத் தீங்கு பயக்கும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. 1998ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், புகழ்பெற்ற மருத்துவ சஞ்சிகையாகிய லான்செட்டில், 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரை வெளிவந்தது. சின்னமுத்து, கூகைக்கட்டு, உரூபெல்லா ஆகிய மூன்று நோய்களுக்கும் எதிராக இடப்படும் தடுப்பூசியைக் குழந்தைகளின் மனவளர்ச்சிக் குறைபாட்டோடு தொடர்புபடுத்தும் ஐயத்தை அது எழுப்பியது. பிரித்தானியாவிற் பெற்றோர் பலர் தடுப்பூசியைத் தவிர்த்தனர். சின்னமுத்து மீண்டும் பரவியது. பின்னர் நடந்த பெரிய ஆய்வுகள் அவ்வாறான தொடர்பு எதனையும் காணவில்லை. கட்டுரையிற் பிழைகளும் நேர்மையீனமும் வெளிப்பட்டு, 2010ஆம் ஆண்டில் சஞ்சிகை அதனை மீளப்பெற்றது. ஆனால் அச்சிட்ட ஏடுகள் உலகெங்கும் நூலடுக்குகளில் அப்படியே இருக்கின்றன. ஒரு கட்டுரையை எடுத்தாளுமுன் அது பின்னர்த் திருத்தப்பட்டதா, மீளப்பெறப்பட்டதா என்று பார்த்தல் வேண்டும் என்று நூலகர் வற்புறுத்துவது வெறுஞ் சடங்கன்று. பிழையான ஒரு கட்டுரையின் விலையைச் சில குழந்தைகள் நோயினாற் செலுத்தினார்கள்.

நான்காவது பாடம் குறிப்பெடுத்தல். பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்விடத்திலேதான் பிறர் எழுத்தைத் தன்னெழுத்தாகக் காட்டும் குற்றம் பெரும்பாலும் வித்திடப்படுகின்றது. மாணாக்கன் ஒருவன் ஒரு நூலை வாசித்து, சில வரிகளை அப்படியே தன் கொப்பியில் எழுதுகின்றான். அடுத்த வரியில் தன் கருத்தை எழுதுகின்றான். இரண்டுக்குமிடையே எவ்வகைக் குறியீடும் இடுவதில்லை. மூன்று மாதங்களின் பின் கட்டுரை எழுத அமரும்போது எது தனது, எது பிறரது என்பது அவனுக்கே தெரியாது போகின்றது. இதனைத் தவிர்க்கச் செயலமர்வுகளில் ஓர் எளிய பயிற்சி அளிக்கப்படுவதுண்டு. ஒரு பந்தியை இருமுறை வாசிக்கச் செய்து, நூலை மூடிவைத்து, அதன் கருத்தை ஒருவருக்குச் சொல்வதுபோலச் சொந்த நடையில் எழுதச் சொல்வர். பின்னர் நூலைத் திறந்து ஒப்பிடுவர். கருத்து மாறாமலும் சொற்கள் ஒட்டாமலும் எழுதியவர் அப்பகுதியை விளங்கிக்கொண்டவர். சொற்களை மட்டும் இங்குமங்கும் மாற்றி வைத்தவர் இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை. எழுத்தின் நேர்மை விளக்கத்தின் தெளிவிலிருந்தே பிறக்கின்றது என்பதை இப்பயிற்சி உணர்த்துகின்றது.

எழுத்தொப்பைக் கண்டறியும் கணினி மென்பொருள்கள் இன்று பல பல்கலைக்கழகங்களிற் பயன்படுகின்றன. அவை காட்டும் நூற்றுவீதத்தைக் கண்டு மாணாக்கர் அஞ்சுவர். சிலர் அதனைக் குறைப்பதையே நோக்கமாகக் கொள்வர். அவ்வெண், கட்டுரையிலுள்ள சொற்றொடர்கள் பிறவிடத்தும் காணப்படுகின்றன என்பதை மட்டுமே சொல்லும். முறையாகக் காட்டிய மேற்கோளையும் அது எண்ணும்; சொல்லை மாற்றிக் கருத்தைக் கவர்ந்ததை அது காணாமற்போகலாம். ஆகவே தீர்ப்புக் கூறவேண்டியவர் மனிதரேயன்றி மென்பொருள் அன்று.

ஐந்தாவது பாடம் சான்று காட்டுதல். ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பிடம், ஆண்டு, பக்கம் எனத் தனித்தனியே எழுதுவது பலருக்குச் சலிப்பூட்டும் வேலையாகத் தோன்றும். உளவியலாளர் பின்பற்றும் முறை 1929ஆம் ஆண்டிலும், மொழி இலக்கியத் துறையினரின் முறை 1951ஆம் ஆண்டிலும், வரலாற்றாசிரியர் பலர் கைக்கொள்ளும் சிக்காகோ முறை 1906ஆம் ஆண்டிலும் முதன்முதலாக வெளிவந்தன. விரைவாக மாறும் துறைகளில் ஆண்டே முக்கியமாதலால், ஆசிரியர் பெயரை அடுத்து ஆண்டு நிற்கும். பழைய ஆவணங்களைப் பலவாறாக விளக்கவேண்டிய வரலாற்றுத் துறைக்கு அடிக்குறிப்பு இடங்கொடுக்கும். காற்புள்ளி எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்பது முறைக்கு முறை மாறலாம். வாசகர் அதே நூலின் அதே பக்கத்தைத் தாமே எடுத்துப் பார்க்க முடிய வேண்டும் என்னும் நோக்கம் மாறுவதில்லை.

இது மேலைநாட்டாரிடமிருந்து மட்டும் கற்கவேண்டிய வழக்கம் என்று கருத வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்துக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார், தாம் துணைகொண்ட இசை நாடக நூல்களின் பெயர்களை எடுத்துக் கூறினார். அவற்றுட் சில பின்னர் மறைந்துபோயின. அவை இருந்தன என்பதையே அவருடைய குறிப்பினாலன்றோ தமிழுலகம் அறிகின்றது? சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையைப் பதிப்பித்தவர். அவர் பழைய ஏடுகளைத் தேடிய வரலாற்றையும் ஏடுகளின் நிலையையும் தமது பதிப்புரைகளில் எடுத்துரைத்தார். தாம் கண்டதை மற்றவரும் சரிபார்க்க வழிவிடுதலே புலமையின் இலக்கணம் என்பதற்கு அவர் சான்றாவார்.

இவ்வொழுக்கத்தின் அருமை நூல்கள் அழியும்போதே முற்றாகப் புலப்படும். 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், வேறெங்கும் படியில்லாத ஏட்டுச்சுவடிகளும் பத்திரிகைத் தொகுதிகளும் சாம்பலாயின. அங்கிருந்த அரிய நூலொன்றிலிருந்து முன்னர் எவரேனும் ஒரு பகுதியை எடுத்து, ஆசிரியர் பெயரும் ஆண்டும் பக்கமும் குறித்து எழுதியிருந்தால் அந்த அளவாவது இன்று எஞ்சியிருக்கும். பெயர் குறியாது எடுத்தாண்டிருந்தால், அக்கருத்து எங்கிருந்து வந்தது என்பதும் நூலோடு சேர்ந்தே அழிந்திருக்கும். ஓர் அடிக்குறிப்பு சில வேளைகளில் ஒரு நூலின் கடைசி உறைவிடமாகின்றது.

ஆறாவது பாடம் எழுதுதல். தேடியதையெல்லாம் ஒரே கட்டுரையில் அடைத்துவிடும் ஆசை இளம் ஆய்வாளருக்கு இயல்பு. வினாவோடு தொடர்பில்லாத செய்தி எத்துணை அரியதாயினும் அதனை விடுத்தல் வேண்டும். ஒவ்வொரு பந்தியும் ஒரு கருத்தைச் சொல்ல வேண்டும். அதற்குச் சான்று காட்ட வேண்டும். அடுத்த பந்திக்கு வழிவிட வேண்டும். முதலில் எழுதிய வரைவே முடிந்த கட்டுரை அன்று என்பதும் இங்குக் கற்பிக்கப்படும். சொல்லவேண்டியதைக் குறைத்துச் சொல்லல், அளவுக்கு மேல் விரித்தல், சொன்னதையே திரும்பச் சொல்லல், முன்னுக்குப் பின் முரணாகச் சொல்லல் ஆகியன நூலுக்குக் குற்றங்கள் என்று 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார் வகுத்துள்ளார். பத்துக் குற்றம், பத்து அழகு, முப்பத்திரண்டு உத்தி என்னும் அப்பகுதியைப் பரீட்சைக்காக மனனஞ் செய்த மாணாக்கர், தம் கட்டுரையைத் திருத்தும்போது அதனை நினைவுகூர்வாராயின் பெரும்பயன் அடைவர்.

அண்மைக்காலத்தில் இப்பயிற்சியின் தேவை பன்மடங்கு பெருகியிருக்கின்றது. 2022ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, கேட்டவுடன் கட்டுரை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எவருக்கும் எட்டுவனவாயின. அவை தரும் வசனங்கள் ஒழுங்காக இருக்கும். சான்றுகளும் மிடுக்காகவே இருக்கும். ஆனால் அச்சான்றுகளுட் சில உலகத்தில் இல்லாதனவாக இருக்கலாம். 2023ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில் இது வெட்டவெளிச்சமாயிற்று. ஒரு வழக்கிற் சமர்ப்பிக்கப்பட்ட எழுத்துரையில் முன்னைய தீர்ப்புகள் பல எடுத்துக்காட்டப்பட்டிருந்தன. எதிர்த்தரப்பினர் தேடியபோது அவை அகப்படவில்லை. அத்தீர்ப்புகளை எந்த நீதிமன்றமும் வழங்கியதில்லை. கருவி அவற்றைப் புனைந்து தந்திருந்தது. தொடர்புடைய சட்டத்தரணிகளுக்கு 5,000 டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. நூற்பட்டியலைத் திறந்து, இப்பெயரில் ஒரு நூல் உண்டா என்று பார்க்கும் பழைய பழக்கம் ஒன்றே இப்புதிய இடருக்கு மருந்தாகும். கருவியைப் பயன்படுத்துவதா இல்லையா என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகம் விதிக்கட்டும். எழுதியதற்குப் பொறுப்பாளி எழுதியவரே என்பதை எந்தக் கருவியும் மாற்றிவிட முடியாது.

இலங்கையிலே தமிழ்மொழி மூலம் கற்கும் மாணாக்கருக்குத் தனியானதோர் இடர்ப்பாடும் உண்டு. 1942ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது போதனாமொழி ஆங்கிலம். 1960ஆம் ஆண்டளவிற் கலைத்துறையில் தமிழும் சிங்களமும் போதனாமொழிகளாயின. போதனை தாய்மொழிக்கு மாறியதே தவிர, நூலடுக்குகள் அவ்வளவு விரைவில் மாறவில்லை. ஆராய்ச்சிச் சஞ்சிகைகளிற் பெரும்பாலானவை இன்றும் ஆங்கிலத்திலேயே உள்ளன. எனவே மாணாக்கர் ஒரு மொழியில் வாசித்து மற்றொரு மொழியில் எழுதவேண்டியவராகின்றனர். மொழிபெயர்த்து எழுதினால் அது சொந்த எழுத்தாகிவிடும் என்னும் மயக்கம் இங்கே எளிதிற் புகுந்துவிடும். மொழி மாறினும் கருத்தின் உரிமையாளர் மாறார். அவர் பெயரைக் கூறியே ஆகவேண்டும்.

இவ்விடர்ப்பாட்டினூடே வழிகாட்டிய பெரும்பணிகளும் உள்ளன. பேராதனைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எச். ஏ. ஐ. குணத்திலக்க, 16ஆம் நூற்றாண்டு முதல் இலங்கையைப் பற்றி மேலைமொழிகளில் வெளிவந்த நூல்களையும் கட்டுரைகளையும் திரட்டி, 1970 முதல் 1983 வரை ஐந்து தொகுதிகளாக நூல்விபரப்பட்டியல் ஒன்றை வெளியிட்டார். இலங்கையை ஆராயும் எவரும் முதலில் தட்டவேண்டிய கதவு அது. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் பாதுகாத்து எவருக்கும் இலவசமாக வழங்கும் நூலகம் என்னும் இணையத்தளம் 2005ஆம் ஆண்டு முதல் தன்னார்வலரின் உழைப்பால் வளர்ந்துவருகின்றது. பல்கலைக்கழகத்துக்குத் தொலைவில் வாழும் மாணாக்கரும் ஆசிரியரும் இதனாற் பயனடையலாம்.

ஆயினும் செயலமர்வு நடத்திவிட்டால் எல்லாம் நிறைவேறிவிடும் என்று கொள்ளலாகாது. முதலாண்டின் முதல் வாரத்தில் நூற்றுக்கணக்கானோரை ஒரு மண்டபத்தில் அமர்த்தி ஒரு மணிநேரம் பேசிவிட்டால், கேட்டது அடுத்த வாரமே மறந்துபோகும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து ஏர்ல்ஹாம் கல்லூரியில் 1960களில் நூலகராக இருந்த இவான் பாபர் இதனை நன்கு உணர்ந்தார். மாணாக்கருக்கு ஓர் ஒப்படை கொடுக்கப்படும் வேளையிலேயே, அவ்வொப்படைக்கு வேண்டிய தேடல் முறையைப் பாட ஆசிரியரும் நூலகரும் கூடிநின்று கற்பிக்கும் வழியை அவர் வகுத்தார். பசித்தவனுக்கே உணவின் அருமை தெரியும். தேடவேண்டிய தேவை பிறந்தபின்பே தேடும் வழியும் மனத்திற் பதியும். நூலகரைத் தம் வகுப்பிற்கு அழைக்கும் விரிவுரையாளரும், விரிவுரையாளரின் பாடத்தை அறிந்துகொள்ளும் நூலகரும் இருக்கும் இடத்திலேயே இம்முயற்சி பலிக்கும்.

இப்பாடத்தைப் பல்கலைக்கழகம் வரை பிற்போடவும் வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் ஊர்க் குளத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரும்போது, இதனை எங்கே அறிந்தாய் என்று ஆசிரியர் கேட்பாராயின், அதுவே ஆராய்ச்சிக்கு அரிச்சுவடி. பாட்டனாரிடம் கேட்டேன் என்று அவள் எழுதினால் அது முதலாவது அடிக்குறிப்பு. பாட்டனார் சொன்னதும் நூலிற் கண்டதும் மாறுபடுகின்றனவே என்று அவள் வியந்தால் அது முதலாவது ஆய்வுவினா. வீட்டில் உள்ள பெரியோரும் தம்மை வந்தடையும் ஒவ்வொரு செய்தியைப் பற்றியும் இதனைச் சொன்னவர் யார் என்று கேட்கப் பழகினால், வதந்தி ஒன்றினால் ஓர் ஊரே கலங்கும் நிலை பெரிதும் குறையும்.

பட்டம் பெற்றுச் செல்லும் மாணாக்கர் யாவரும் ஆராய்ச்சியாளராவதில்லை. அவர்கள் ஆசிரியராவர், அலுவலராவர், மருத்துவராவர், பத்திரிகையாளராவர். அவர்கள் எழுதும் அறிக்கையை நம்பி ஒரு பாடசாலை மூடப்படலாம். ஒரு வீதி அமைக்கப்படலாம். ஒரு நோயாளிக்கு மருந்து கொடுக்கப்படலாம். அவ்வேளையில், சான்று எங்கே என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் பழக்கம் அவர்களிடம் இருத்தல் வேண்டும். நூலகத்தின் ஒரு மூலையில், இருபது பேர் சுற்றியிருக்க, நூலகர் பொறுமையோடு கற்பிக்கும் அச்சிறு பாடத்தின் முடிவான பயன் இதுவேயாகும்.